சுவரைத் துடைத்தவன்

நாலு மணிக்கு வருவதாக அந்தப் பெண் போனில் சொல்லியிருந்தாள். சாப்பிட்ட தட்டின் ஈரம்கூட இன்னும் காயவில்லை, அதற்குள் கோமளா கூடத்தை மறுபடியும் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். காலையில்தான் பெருக்கினாள். தணிகாசலம் வயர் நாற்காலியில் சாய்ந்து, இடது காலை முக்காலியின்மேல் நீட்டிக்கொண்டு, துடைப்பம் போகும் இடமெல்லாம் கண்ணை ஓட்டினார். வீடு சுத்தமாக இருக்கவேண்டும் என்று பெருக்குகிறவள் ஒரே மூலையைத் திரும்பத் திரும்பப் பெருக்கமாட்டாள். மனசு வேறெங்கோ இருக்கிறது. பேட்டி என்று பேச்சு வந்த நாளிலிருந்தே இவள் சரியில்லை. ‘எதுக்குங்க பழசையெல்லாம் கிளறிக்கிட்டு’ என்றாள் முதலில். ‘யூடியூப்புதானே, யாரு பார்க்கப்போறாங்க’ என்றாள் அப்புறம். நேற்று அரிசி களைந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல், ‘அந்தப் பொண்ணு என்னையும் ஏதாவது கேக்குமா’ என்றாள். கேட்டால்தான் என்ன? கேட்கக்கூடாதது என்று இவளிடம் ஏதாவது இருந்தால்தானே பயம் வரவேண்டும். பெரம்பூரில் எத்தனையோ பேர் எதையெதையோ பேசி அந்த யூடியூப்பில் வருகிறார்கள். மீன்குழம்பு வைக்கிறவள் வருகிறாள், பழைய கேரம் போர்டு சாம்பியன் வருகிறான். ‘மோதிப் பார்’ நிகழ்ச்சியில் ‘பாறை’யாக இருந்தவன் வந்தால் மட்டும் என்னவாம். முழங்காலுக்குள் ஒரு சின்ன ஆணி திரும்புவதுபோல் வலித்தது. மழை வரப்போகிறதோ என்னவோ. இந்தக் கால் போன நாளிலிருந்து மழைக்கு முன்னால் வலி வரும். சந்தேகமும் அப்படித்தான், முன்னால் வந்துவிடும், மழைதான் பல நாள் வராமலே போய்விடும். ஆனால் இந்த ஒரு சந்தேகம் அப்படிப் பொய்த்ததில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக வாயில் போட்டு மென்று, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்த ஒரு பெயர். மரியசூசை. இன்றைக்கு நாலு மணிக்கு அதைத் துப்பிவிடப்போகிறார். அந்தப் பெண் கேட்பாள், ‘சார், அன்னைக்கு எப்படி விழுந்தீங்க’ என்று. நான் விழவில்லை அம்மா, என்னை விழவைத்தார்கள் என்று சொல்லவேண்டும். கயிறு பிடித்தவன் சூசை என்று சொல்லவேண்டும். ஒத்திகை பார்த்ததுபோல் அந்த வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து நின்றது.

மாதவரத்தில் மூடிக்கிடந்த தோல் கிடங்கில்தான் ஷூட்டிங். வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, நடுவே செயற்கைக் கல் பதித்த பெரிய சுவரை நிறுத்தியிருந்தார்கள். விளக்குச் சூடு ஏற ஏறச் சுண்ணாம்புக்குள் இருந்து பழைய தோல் நாற்றம் கிளம்பும். வீட்டில் டி.வி. பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியாது. அவர்களுக்குப் புகையும் இசையும் ‘மோதிப் பார், மோதிப் பார்’ என்று கூட்டம் தரையை உதைக்கும் சத்தமும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் தெருவில் ஐஸ் வண்டிக்காரன்கூட நிற்கமாட்டான், வாங்க ஆள் இருக்காது. சவரக்கடை, டீக்கடை, ரயில்வே குவார்ட்டர்ஸ், எங்கேயும் அதே சத்தம். போட்டிக்கு வருகிறவர்கள் சாதாரண ஜனங்கள்: கண்டக்டர், தறிக்காரர், காய்கறி மூட்டை தூக்குகிறவர். கயிற்றில் தொங்கி, உருளும் பீப்பாயின்மேல் ஓடி, கடைசியில் சுவருக்கு வருவார்கள். அவர்கள் பாதி ஏறியதும் விசில் அடிப்பார்கள். அப்போது இருட்டிலிருந்து பாறை வருவார். வெறுங்காலோடு. அது டைரக்டர் கிருபாகரனின் யோசனை. ‘ஷூ போட்டா ஜிம் வாத்தியார் மாதிரி இருக்கீங்க தணிகாசலம், வெறுங்காலோட வந்தா மலையிலிருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கு’ என்பார். பாறை சுவரில் பாய்ந்து ஏறி, போட்டியாளனின் கணுக்காலைப் பிடித்து, பழம் பறிப்பதுபோல் பறித்துக் கீழே மெத்தையில் போடுவார். சுவரின் உச்சியில் ஒரு வெண்கல மணி. அதைத் தொட்டு அடித்தவன் ஜெயித்தான். பாறை இருக்கும்வரை அந்த மணியை ஒருவனும் அடித்ததில்லை. ரயில்வே கபடி அணியில் ஆடிக்கொண்டிருந்தவர், பணிமனையில் அட்டெண்டன்ஸ் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போகிறவர், திடீரென்று பள்ளிக்கூட நோட்டு அட்டையில் வந்தார். அயனாவரம் மார்க்கெட்டில் ஒரு கிழவர் அவர் கையைத் தொட்டுப் பார்த்து, ‘நெசம்தான்யா, கல்லு மாதிரிதான் கீது’ என்று பக்கத்துக் கடைக்காரனுக்குச் சாட்சி சொன்னார். அப்போதெல்லாம் சூசை கூடவே இருப்பான். சுவருக்குப் பின்னால் பரணில் நின்று, பாறையின் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கப்பி வழியாகப் பிடிப்பவன். விழுந்தால் தரை தொடுவதற்குமுன் தாங்கவேண்டியது அவன் பொறுப்பு. ‘அண்ணாத்தே, நீ ஏறு. மேலே கர்த்தர் கீறாரு, அவருக்குக் கொஞ்சம் கீழே நான் கீறேன்’ என்பான். அந்தப் பேச்சில் மயங்கித்தானே உயிரை அவன் கையில் கொடுத்தது.

மயங்கினது தப்பு. அந்தப் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியை எத்தனை தடவை பார்த்திருப்பார். முதலில் கேசட்டில், பிறகு மருமகன் கம்ப்யூட்டரில், இப்போது போனில். வேலூரிலிருந்து வந்த ஒரு பால்காரர். குச்சி மாதிரி ஆள், சிரித்துக்கொண்டே ஏறினார். விசில். பாறை பாய்கிறார். கணுக்காலுக்கும் இவர் கைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கிறது. அப்போது உடம்பு சுவரைவிட்டுப் பிரிகிறது. ஏன் என்று இந்த நிமிஷம்வரை தெரியவில்லை. ஏதோ இழுத்ததுபோல், அல்லது இதுவரை இழுத்துப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டதுபோல். விழும்போது மணி அடித்தது. அவர் மெத்தையின் ஓரத்தில் கால் மடங்கி விழுந்த பிறகும் அது அடித்துக்கொண்டே இருந்தது, பால்காரருக்கு நிறுத்தத் தெரியவில்லை. கயிறு பிடித்தது, ஆனால் தாமதமாகப் பிடித்தது. முழங்கால் நொறுங்கிய பிறகு இடுப்பில் வந்து ஒரு இழுப்பு, ‘நானும் இருக்கிறேன்’ என்பதுபோல. ஏன் தாமதம்? சரி, மெத்தை ஏன் நகர்ந்திருந்தது? அன்றைக்கு மட்டும் கிருபாகரன் சுவரின் அடியில் புதிதாக ஒரு கேமரா வைத்திருந்தார், அதற்கு இடம் விட மெத்தையை நகர்த்தியிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் எதற்கு அடியில் கேமரா? விழப்போகிறவனைப் படம் பிடிக்கத்தானே அடியில் வைப்பார்கள். ஆனால் டைரக்டர் மட்டும் நினைத்தால் ஆளை விழவைக்க முடியாது, மேலே ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் யார் என்பதற்குச் சாட்சி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும்போது தன் கண்ணால் பார்த்தது. எல்லோரும் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். மேக்கப்காரர் அழுகிறார். கிருபாகரன் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். சூசை மட்டும் வரவில்லை. ஆட்களின் தோள்களுக்கு நடுவே அவர் பார்த்தார்: சூசை சுவரில் பாதி உயரத்தில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் ஒரு கல்லை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறான். நண்பன் கால் உடைந்து கிடக்கிறான், இவன் சுவரைத் துடைக்கிறான். தடவினவன்தானே துடைப்பான். எண்ணெயோ சோப்போ, எதுவோ. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்.

‘என்ன, காலைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க. வலிக்குதா?’ என்றாள் கோமளா. துடைப்பத்தைச் சுவரில் தட்டிச் சாத்தினாள்.

‘மழை வரும்போல.’

‘வெயில் பல்லைக் காட்டுது, மழையாம். கேசரி கிண்டட்டுமா, பஜ்ஜி போடட்டுமா?’

‘எதுவும் வேணாம். பேட்டி எடுக்க வருதா, பொண்ணு பார்க்க வருதா?’

‘வீட்டுக்கு வர்ற பிள்ளைக்கு வெறும் தண்ணியா குடுப்பாங்க’ என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். பிறகு அங்கிருந்தே, ரவையை வாணலியில் கொட்டும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, சாதாரணமாகக் கேட்பதுபோல், ‘சூசை அண்ணன் பேரெல்லாம் இழுக்காதீங்க. அது பாவம்’ என்றாள்.

பாவமாம். ரவை வறுபடும் வாசனை கூடத்துக்கு வந்தது. பாவம் யார், மூன்று ஆபரேஷன் பண்ணி இரும்பு வைத்த காலோடு உட்கார்ந்திருப்பவனா, மணலியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சுவர் ஏறக் கற்றுக்கொடுத்துக்கொண்டு கழுத்தில் விசிலோடு திரிகிறவனா? ஆமாம், அதுதான் இப்போது சூசையின் பிழைப்பு. பெற்றவர்கள் குழந்தையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவன் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெளியே நின்று போன் பார்க்கிறார்கள். நாலு மணிக்கு அந்தப் பெயரைச் சொன்னால், நாளைக்கு ஒருத்தரும் அந்தக் கயிற்றை அவனிடம் கொடுக்கமாட்டார்கள். அது தணிகாசலத்துக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்லப்போகிறார். அது ஒன்றும் சின்னக் காரியமில்லை என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. இந்தக் கால் மட்டும் சின்னக் காரியமா என்று இன்னொரு குரல் சொன்னது. இதில் இவளுக்கு என்ன வந்தது? சந்தேகம் அங்கேதான் கிளை பிரியும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாள் பகலில் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார், மச்சானின் ஆட்டோவில். சமையலறையில் சூசை நின்றிருந்தான், கையில் காப்பி டம்ளர். கோமளா அழுதிருந்தாள். இவரைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். சூசை டம்ளரை வைத்துவிட்டு, ‘வர்றேன் அண்ணாத்தே’ என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். அவர்கள் நிறுத்திய அந்தப் பேச்சு அன்றிலிருந்து இந்த வீட்டிலேயேதான் எங்கோ கிடக்கிறது, பெருக்கப் பெருக்கப் போகாமல். பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு சூசை தெருவில் வந்து நின்றான், கேக் பொட்டலத்தோடு. இவர் கதவைத் திறக்கவில்லை. அவன் மகள் கல்யாணத்துக்குக் கோமளா மட்டும் போய்விட்டு வந்தாள், எங்கே போகிறாய் என்று இவர் கேட்கவில்லை, போய்வந்தேன் என்று அவளும் சொல்லவில்லை. புடவையில் ரோஜாப்பூ வாசனை இருந்தது. கேவலமான எண்ணங்களும் வந்ததுண்டு. வந்தபோதெல்லாம் வெட்கப்பட்டு விரட்டினார், விரட்டினது நாய் மாதிரி தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தது. அந்த மாதிரி இல்லை, கோமளா அந்த மாதிரி இல்லை. ஆனால் ஏதோ தெரியும் இவளுக்கு. டி.வி.யில் எங்காவது அந்தக் காட்சி வந்தால் எழுந்து போய்விடுவாள். பால் பொங்குதோ பார்க்கிறேன் என்பாள், அடுப்பே எரியாது. தினம் சாயங்காலம் இந்தக் காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளே, அதிலும் ஒரு கணக்கு. தொடை, முழங்கால், ஆடுசதை, கணுக்கால்வரை வருவாள், அங்கே நிற்கும் அவள் கை, அடுத்தவன் நிலத்து வரப்பில் மாடு நிற்பதுபோல. வலது காலுக்கு உள்ளங்கால்வரை தேய்ப்பாள். இடது உள்ளங்காலை ஒருநாள்கூடத் தொட்டதில்லை. ஏன் என்று கேட்டதில்லை. இந்த வீட்டில் கேட்காமல் விட்டவையே சுவர்மாதிரி எழும்பி நிற்கின்றன.

நிகழ்ச்சியும் அன்றைக்கே விழுந்துவிட்டது, அது தெரிய மற்றவர்களுக்குத்தான் நாள் பிடித்தது. பாறை விழுந்த வாரம் தமிழ்நாடே பார்த்தது. அந்த விழுகையைத் திருப்பித் திருப்பி, மெதுவாக, பின்னாலிருந்து முன்னால் எல்லாம் ஓட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்த கிருபாகரன் கண்ணில் வருத்தமும் இருந்தது, அதற்குப் பின்னால் வேறொரு வெளிச்சமும் இருந்தது. பிறகு வாரத்துக்கு ஒருத்தர் விழவேண்டும் என்று ஆயிற்று. பாறை இடத்துக்கு வந்த ‘சூறாவளி’ விழுந்தார், ‘மின்னல்’ விழுந்தாள். சுவரைக் கண்டு யாரும் பயப்படவில்லை. பயம் போன சுவரில் ஏறிப் பார்க்க யாருக்கு ஆசை இருக்கும்? வெண்கல மணி கோயில் மணி மாதிரி வாராவாரம் அடித்தது. அப்புறம் சினிமா காமெடி நடிகர்களைக் கூட்டிவந்து சேற்றில் புரளவிட்டார்கள், பலூன் உடைத்தார்கள். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து மதியத்துக்குத் தள்ளினார்கள், மதியத்திலிருந்து வேலை நாளுக்கு. ஒருநாள் அந்த நேரத்தில் குழந்தைகள் டான்ஸ் ஆடினார்கள், ‘மோதிப் பார்’ எங்கே என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. தோல் கிடங்கு மறுபடியும் ஏதோ கிடங்காயிற்று. பள்ளிக்கூட நோட்டு அட்டையில் கிரிக்கெட்காரர்கள் வந்தார்கள். இவர் பணிமனையில் ஸ்டோரில் உட்கார்ந்து ரிடையர் ஆகும்வரை போல்ட்டு நட்டு எடுத்துக் கொடுத்தார். புதிதாக வந்த ஒருவன், ‘நீங்கதானே சார் அந்த விழுந்தவரு’ என்றான். எத்தனையோ பேரை விழவைத்தவர், கடைசியில் மிஞ்சின பெயர் விழுந்தவர்.

போன் குறுகுறுத்தது. அந்தப் பெண், யமுனா. ‘சார், வந்துகிட்டே இருக்கோம். இதைத்தான் முதல்ல போடப்போறோம், பாருங்க’ என்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அதே காட்சிதான். ஆனால் போனுக்குத் தகுந்தமாதிரி ஒல்லியாக, நெட்டுக்குத்தலாக, பெரிதாக்கி வெட்டியிருந்தாள். அந்த அடிக் கேமராவில் எடுத்தது. எப்போதும் அவர் கண் போகும் இடம் ஒன்று உண்டு: மேல் ஓரத்தில், சுவருக்கு மேலே, சூசையின் தோள் நிழல் அசையும் இடம். எந்த நொடியில் அசைந்தது, கயிற்றை விட்ட அசைவா, பிடித்த அசைவா என்று எத்தனை வருஷம் அந்த நிழலையே பார்த்திருக்கிறார். இப்போது அந்த இடமே இல்லை. வெட்டிப்போட்டுவிட்டாள் பாவி. மேல் பாதியே இல்லை, கையும் இல்லை, முகமும் இல்லை. திரை முழுக்க ஒரு கால். அவருடைய இடது கால், ஏறுகிறது, மெதுவாக, சத்தமில்லாமல். குதிகால் எழும்புகிறது, உள்ளங்கால் கேமராவுக்குத் தெரிகிறது. நடுவே ஒரு கறுப்பு வட்டம். அழுக்கு என்று நினைத்தார். கால் கல்லில் பதிகிறது, சரிகிறது, விலகுகிறது. கல்லில் ஒரு கறுப்புக் கோடு. காட்சி முடிந்து தானாகவே மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. கால், வட்டம், கல், கோடு. மறுபடியும். கால், வட்டம், கல், கோடு. அப்போது உள்ளங்காலில் கூசியது. இப்போது, இந்த நாற்காலியில், நிஜமாகவே கூசியது. பிறகுதான் ஏன் கூசுகிறது என்று ஞாபகம் வந்தது, கிணற்றிலிருந்து வாளி மேலே வருவதுபோல், முதலில் கயிறு, அப்புறம் ஈரம், அப்புறம்தான் வாளி.

பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிக்குக் குடும்பத்தையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். கோமளா பட்டுப்புடவையில், கைப்பையில் ஒரு சின்ன மைச்சிமிழோடு வந்திருந்தாள். விளக்கெண்ணெய்த் திரியில் புகை பிடித்து, நெய் விட்டுக் குழைத்து அவளே செய்கிற மை. ஊர் கண்ணு முழுக்க உங்கமேலதான் என்று ஷூட்டிங் நாளில் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்து அனுப்புவாள், மேக்கப்காரர் அதை அழிப்பார். அன்றைக்குக் கிருபாகரன் பார்த்துவிட்டார். ‘என்னம்மா இது, பாறைக்குப் போய் திருஷ்டிப் பொட்டா? குளோசப்ல ஈ உட்கார்ந்த மாதிரி தெரியும்’ என்றார். ‘கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது சார்’ என்றாள் இவள். ‘இவரே கல்லு, இவருக்கு ஏதும்மா கல்லடி’ என்று எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டுப் போனார் அவர். கோமளா சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் பொறுத்து, திரைக்குப் பின்னால் தகரப்பெட்டியில் அவரை உட்காரவைத்து, ‘காலை நீட்டுங்க’ என்றாள். மாப்பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் வைப்பதுபோல் உள்ளங்காலில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு. ‘கூசுது, விடு’ என்றார் அவர். ‘அசையாதீங்க, கலைஞ்சிடும்.’ செருப்பை மாட்டிக்கொண்டு சுவர்வரை நடந்தார். செருப்பைக் கழற்றினார். விசில்.

அப்படியானால். அப்படியானால் அந்தத் துண்டு. தடவினவன்தான் துடைப்பான் என்று யார் சொன்னது? பரணிலிருந்து குனிந்து பார்த்தவனுக்குக் கல்லில் மைக்கோடு தெரிந்திருக்கும். அது யார் வைத்த மை என்று அந்தக் கிடங்கில் எல்லோருக்கும் தெரியும், அப்போதுதானே சிரித்தார்கள். டைரக்டர் பார்க்கும்முன், கேமராக்காரர் பார்க்கும்முன், நாளைக்குப் பேப்பரில் ‘மனைவி வைத்த மையால்’ என்று வரும்முன், ஓடிப்போய்த் துடைத்திருக்கிறான். சமையலறையில் நின்று பேசினது அதைத்தானா? ‘யாருகிட்டயும் சொல்லமாட்டேன்மா, அழாதே’ என்றா? கயிறு? கயிறு தாமதமாகப் பிடித்ததே என்று மனசு பழைய வழக்கில் எழுந்து நின்றது. இருபது வருஷம் ஒரு ஆளைச் சந்தேகப்பட்டுப் பழகிய மனசு, நுகத்தடியை இறக்கினாலும் கழுத்தைச் சாய்த்தே நிற்கும் மாடு. கயிறு தளர்வாக இருந்தது. ஏன் தளர்வாக இருந்தது? ‘இறுக்கிப் பிடிக்காதடா, பொம்மலாட்டம் மாதிரி தெரியுது, கொஞ்சம் தளர்த்தி விடு’ என்று சொன்னது யார்? ‘அண்ணாத்தே, வேணாம்’ என்றானே அவன். சொன்னவர் யார் என்பதை அவர் மறக்கவில்லை, அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார், அவ்வளவுதான். சரி, ஒரு பொட்டு மை ஒரு ஆளை வீழ்த்துமா? வேர்வையாக இருக்கலாம். விளக்குச் சூடாக இருக்கலாம். இதுவும் இன்னொரு சந்தேகம்தானோ, சூசையை விட்டு இவள்மேல் தாவியிருக்கிறதோ? மகளுக்குக் குழந்தை பிறந்தபோது எல்லோரும் சொல்லியும் இவள் மை வைக்கவில்லை. கறுப்புக் கயிறுதான் கட்டினாள். அந்த மைச்சிமிழை அதற்கப்புறம் இந்த வீட்டில் பார்த்ததே இல்லை.

‘கோமளா.’

‘ம்?’

‘நம்ம பேத்திக்கு நீ ஏன் மை வைக்கலே?’

கரண்டி வாணலியில் சுரண்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நெய் வாசனை மட்டும் வந்தது.

‘இப்பல்லாம் டாக்டருங்க வேணாம்ங்கறாங்க’ என்றாள். கரண்டி மறுபடியும் சுரண்டத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக. ‘அதுக்கு என்ன இப்ப திடீர்னு?’

‘சும்மாதான்.’

தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியும், இத்தனை வருஷமாகத் தெரியும், ஒவ்வொரு நாளும் இந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு தெரிந்திருக்கிறது. கோபம் வருமென்று காத்திருந்தார். யாரோ வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வராததுபோல் அது வரவில்லை. அதற்குப் பதில் ஒரு பயம் வந்தது. இவ்வளவு வருஷம் அவள் எதைக் கண்டு எழுந்து எழுந்து போனாளோ, அது இன்னும் கொஞ்சநேரத்தில் கூடத்தில் வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கப்போகிறது, கேமராவோடு. கேள்வி கேட்கப்போகிறது. ஒரு பெயர் கேட்கும். சூசை பெயரைச் சொன்னால் இவள் காப்பாற்றப்படுவாள், இவள் பெயரைச் சொன்னால் சூசை. ஒருவரைக் காப்பாற்ற ஒருவரைக் கொடுக்கவேண்டும் என்பதுபோல்தான் அந்த நிகழ்ச்சியே இருந்தது, ஒருத்தன் மேலே போக ஒருத்தன் கீழே. மணி அடித்தது. வெண்கல மணி என்று ஒரு கணம் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. வாசல் மணிதான்.

யமுனா சின்னப் பெண், முதுகில் பை, கூட கேமரா பிடிக்கும் ஒரு தாடிக்காரர். ‘சார், எங்க அம்மா உங்களோட பெரிய ஃபேன். பாறை வந்தா சோறு இறங்காதாம் அவங்களுக்கு’ என்றாள். ‘விழுந்தப்புறம் இறங்கியிருக்குமே’ என்றார். அவள் சிரித்தாள். விளக்கைப் பொருத்தினார்கள். அதன் சூடு முகத்தில் பட்டதும் இல்லாத தோல் நாற்றம் மூக்கில் ஏறியது. பழைய கதையெல்லாம் கேட்டாள், சொன்னார். வெறுங்கால், பீப்பாய், நோட்டு அட்டை. கோமளா கேசரித் தட்டோடு சமையலறை வாசல்வரை வந்து, அதற்குமேல் வராமல், நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். எழுந்து போகவில்லை, போகிற இடத்திலேயே நின்றாள். யமுனா குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

‘சார், இப்ப அந்தப் பொங்கல் எபிசோட். அது தானா நடந்தது இல்லே, செட்டப்புன்னு நிறைய பேர் கமெண்ட்ல போடறாங்க. கயிறு பிடிச்சவர்மேல சந்தேகம்னு நீங்களே போன்ல ஒரு மாதிரி சொன்னீங்க. இன்னைக்கு ஓப்பனா சொல்லலாமா?’

நாக்கின் நுனியில் அந்த வாக்கியம் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது, வண்டி ரத்தானது தெரியாமல் பிளாட்பாரத்தில் நிற்பவன்போல.

‘சொல்லலாம்’ என்றார். ‘எழுதிக்கோம்மா, பேரு மரியசூசை. மணலியில பசங்களுக்குச் சுவர் ஏறச் சொல்லிக் குடுக்கறாரு. கயிறைத் தளர்த்தி வைன்னு நான்தான் சொல்லியிருந்தேன், அவர் வேணாம்னாரு. அப்படியும் கடைசியில பிடிச்சாரு. அவர் பிடிக்கலேன்னா கால் போன இடத்துல கழுத்து போயிருக்கும்.’

‘அப்ப எப்படி சார் விழுந்தீங்க?’

நிலைப்படியில் கரண்டி ஒன்று தட்டில் உரசும் சின்னச் சத்தம். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

‘கை வேர்த்துடுச்சு.’

‘கையா?’

‘கைதான். வழுக்கிடுச்சு.’

‘அவ்ளோதானா சார்?’ அவள் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. முகத்தை மறைக்கத் தெரியாத வயசு. ‘ஒரு பெரிய கதை இருக்கும்னு நினைச்சோம்.’

‘பெரிய கதையெல்லாம் டி.வி.காரங்க பண்றதும்மா. கேசரி ஆறுது பாரு.’

அவர்கள் சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், போனார்கள். தாடிக்காரர் மட்டும் வாசலில் நின்று, ‘கை நழுவற மாதிரி எந்த ஆங்கிள்லயும் தெரியலையே சார்’ என்றார். ‘ரொம்ப நாளாச்சு தம்பி’ என்று கதவைச் சாத்தினார். கூடத்தில் வெயில் மஞ்சளாகி நாற்காலிக் காலருகே வந்திருந்தது. மழையைக் காணோம். கோமளா தட்டுகளை எடுத்துப்போனாள், குழாயைத் திறந்தாள், மூடினாள். நம்பியிருப்பாளா? இவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துகொண்டும் தெரியாததுபோல் இருந்துவிடுவாளா, நேற்றுவரை இருந்ததுபோல? போனை எடுத்து அந்த வீடியோவை மறுபடியும் பார்க்கக் கை போனது. கவிழ்த்து வைத்தார். எண்ணெய்க் கிண்ணத்தோடு கோமளா வந்தாள். வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே வந்தாள். முக்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ‘காலை நீட்டுங்க’ என்றாள். நீட்டினார். தொடையிலிருந்து ஆரம்பித்தாள், முழங்காலைச் சுற்றினாள், இரும்பு இருக்கும் இடத்தில் மெதுவாக, ஆடுசதையில் அழுத்தி, கணுக்காலுக்கு வந்தாள். அங்கே கை நின்றது. வரப்பில் நின்றது. அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கை வரப்பைத் தாண்டியது. இடது பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்கால் நடுவில், கட்டைவிரலை மெல்ல வைத்தாள், அங்கே இன்னும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல வட்டமாகத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

‘கூசுதா?’ என்றாள், குனிந்தபடி.

கூசியது. தாங்கமுடியாமல் கூசியது.

‘இல்லே’ என்றார் தணிகாசலம். காலை அசைக்கவில்லை.